அரண்மனையைத் தேடிப் பார்: தொல்பழங்காலச் சமத்துவத்தைக் கணினியில் பாடமாக்குவது பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சில வருஷங்களாக எட்டாம், ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு வரலாற்றுக்கு முந்தைய காலத்தைக் கணினி ஆய்வகத்தில் வைத்து நடத்துகிறேன். துருக்கியில் அகழ்ந்தெடுத்த சாத்தல்ஹோயுக் என்ற ஒரே பழங்கால ஊரை எடுத்துக்கொண்டு வரைபடம், முப்பரிமாணப் படம், கட்டை அடுக்கி ஊர் கட்டும் மைன்கிராஃப்ட் விளையாட்டு, கணக்குத்தாள் என்று அதையே சுற்றிச் சுற்றி வருவோம். இதைக் கேள்விப்பட்ட மற்ற ஆசிரியர்கள் வாட்ஸ்அப்பில் கேட்பதெல்லாம் திரும்பத் திரும்ப அதே சந்தேகங்கள்தான். தனித்தனியாகக் குரல் பதிவு அனுப்பி அலுத்துவிட்டது. அதனால் கேட்டவர்களின் வார்த்தையிலேயே கேள்விகளைப் போட்டு இங்கே தொகுத்துவிட்டேன்.

சமத்துவச் சமூகம்னா என்ன டீச்சர்? எல்லாரும் ஒரே மாதிரி இருந்தாங்கன்னு அர்த்தமா?

இல்லை. எந்தக் கூட்டத்திலும் குறி தவறாத வேட்டைக்காரர் ஒருவர் இருப்பார், பிரசவம் பார்ப்பதில் கைதேர்ந்த ஒரு பாட்டி இருப்பார், வாயைத் திறந்தாலே எல்லாரும் கேட்கும்படி பேசுகிறவர் ஒருவர் இருப்பார். அவர்களுக்கு மரியாதையும் இருக்கும். அந்த மரியாதையை வைத்து அடுத்தவரின் உணவையோ உழைப்பையோ எடுத்துக்கொள்ள முடிகிறதா, அது பேரனுக்குச் சொத்தாக இறங்குகிறதா என்றுதான் பார்க்க வேண்டும். முடியாது, இறங்காது என்றால் அதை ஏறத்தாழச் சமத்துவச் சமூகம் என்கிறோம்.

பிள்ளைகளிடம் நான் கேட்பது இதுதான்: "கிளாஸ் லீடர் பதவி லீடரோட தம்பிக்குத் தானா வருமா?" அவ்வளவு போதும், பிடித்துக்கொள்வார்கள்.

எதுக்குத் துருக்கி வரைக்கும் போகணும்? நம்ம கீழடி, ஆதிச்சநல்லூர் இல்லையா?

அவற்றையும் நடத்துகிறேன், ஆனால் வேறு பாடத்துக்கு. கீழடியில் பானை ஓடுகளில் எழுத்து இருக்கிறது. அது வரலாற்றுக்கு முந்தைய காலத்தைத் தாண்டி வந்துவிட்ட ஊர். ஆதிச்சநல்லூரில் நூறு வருஷத்துக்கு முன்பு அலெக்சாண்டர் ரீ என்ற தொல்லியலாளர் தோண்டியபோது முதுமக்கள் தாழிகளோடு தங்க நெற்றிப்பட்டங்களும் கிடைத்தன. எல்லாருக்கும் தங்கம் வைத்துப் புதைக்கவில்லை என்பதால், ஏற்றத்தாழ்வு எப்படித் தடயம் விடும் என்று காட்ட அது நல்ல இடம்.

சாத்தல்ஹோயுக்கை எடுத்ததற்குக் காரணம், அங்கே வீடுகள் வீடுகளாகவே கிடைத்திருக்கின்றன. கொன்யா சமவெளியில் ஏறத்தாழ 13 ஹெக்டேர் பரப்புள்ள மண்மேடு. சாத்தல் என்றால் துருக்கி மொழியில் கவை, ஹோயுக் என்றால் மேடு. பொ.ஆ.மு. (பொது ஆண்டுக்கு முன், அதாவது கி.மு.) 7100 வாக்கிலிருந்து பொ.ஆ.மு. 5950 வாக்கு வரை, ஆயிரம் ஆண்டுக்கும் மேலாக, ஒரு வீட்டை இடித்து நிரப்பி அதன் மேலேயே அடுத்த வீட்டைக் கட்டிக்கொண்டே போனதில் 18 அடுக்குகள் சேர்ந்துவிட்டன. 1961 முதல் 1965 வரை ஜேம்ஸ் மெல்லார்ட் என்ற தொல்லியலாளர் தோண்டினார். அப்புறம் 1993இலிருந்து 25 ஆண்டுகள் இயன் ஹாடரின் குழு. 2012இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியக் களமானது. ஹாடர் குழு பதிவுகளைக் கணினியில் ஏற்றி, படங்களை ஃப்ளிக்கரில் ஆயிரக்கணக்கில் பொதுவில் வைத்திருக்கிறது. ஆசிரியருக்கு வேறென்ன வேண்டும்?

எழுத்தே இல்லாத காலம். சமமா வாழ்ந்தாங்கன்னு எதை வெச்சுச் சொல்றாங்க?

பாடத்தின் உயிரே இந்தக் கேள்விதான், அதனால் கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன். முதல் தடயம் வீடு. மண் செங்கல் வீடுகள் ஒன்றையொன்று ஒட்டி நிற்கின்றன. பெரும்பாலான காலத்துக்கு நடுவில் தெருவே கிடையாது. கூரை மேல் நடந்துபோய், கூரைத் துளையில் ஏணி வைத்து இறங்க வேண்டும். ஏணிக்குக் கீழே அடுப்பு, சுவரோரம் திண்ணை மாதிரி மேடைகள், பக்கத்தில் தானியத்தொட்டி வைத்த சிறிய அறை. எந்த வீட்டுக்குள் இறங்கினாலும் ஏறத்தாழ இதே அமைப்புதான். சில வீடுகள் கொஞ்சம் பெரியவை, சிலவற்றில் ஓவியமும் காட்டுமாட்டுக் கொம்பும் கூடுதல். ஆனால் அரண்மனை, பொதுக் களஞ்சியம், தனிக் கோயில் என்று உறுதியாகச் சொல்லும்படி எதுவும் கிடைக்கவில்லை.

இரண்டாவது தடயம் எலும்பு. இறந்தவர்களை வீட்டுக்குள்ளேயே, அந்த மேடைகளுக்கு அடியில் புதைத்தார்கள். எலும்பிலுள்ள கார்பன், நைட்ரஜன் ஐசோடோப்புகளை (ஒரே தனிமத்தின் எடை வேறுபட்ட அணுக்களை) அளந்தால் ஒருவர் வாழ்நாளில் என்ன மாதிரி உணவு சாப்பிட்டார் என்று ஓரளவு தெரியும். அங்கே ஆணின் சாப்பாட்டுக்கும் பெண்ணின் சாப்பாட்டுக்கும் குறிப்பிடத்தக்க வேறுபாடு தெரியவில்லை. புகைபோக்கி இல்லாத வீட்டில் அடுப்புக் கரி நுரையீரலில் படிந்து விலா எலும்பின் உட்புறத்தில் கறையாக நிற்கிறது. அந்தக் கரி ஆண், பெண் இருவரிடமும் இருக்கிறது. அதாவது அடுப்படி பெண்ணுக்கு, வெளியுலகம் ஆணுக்கு என்ற பிரிவினை இங்கே தெரியவில்லை. இதைச் சொல்லும்போது வகுப்பில் எப்போதும் ஒரு சலசலப்பு வரும்.

மூன்றாவது தடயம் பொருள். அப்சிடியன் என்கிற எரிமலைக் கண்ணாடி, நூறு கிலோமீட்டருக்கும் அப்பால் துருக்கியிலேயே உள்ள கப்படோக்கியாவிலிருந்து வந்தது. ஒரு பணக்கார வீட்டில் குவிந்து கிடக்காமல் வீட்டுக்கு வீடு கிடைக்கிறது. அதைச் செதுக்கிய சில்லுகளும் வீட்டுக்கு வீடு கிடக்கின்றன.

இதையெல்லாம் புத்தகத்துலயே படிச்சுடலாமே. எதுக்கு டிஜிட்டல்?

பாதியைப் படித்துவிடலாம். ஆனால் "இல்லை" என்பதைப் படத்தில் காட்ட முடியாது. பிரமிடைக் காட்டினால் போதும், அரசன் இருந்தான் என்று பிள்ளைக்குப் புரிந்துவிடும். அரசன் இல்லாததற்கு எந்தப் படத்தைக் காட்டுவீர்கள்? தேடிப் பார்த்துக் கிடைக்காமல் போனால்தான் "இல்லை" மனதில் ஏறும்.

அதனால் முதல் வகுப்பில் நான் விளக்கமே சொல்வதில்லை. அகழாய்வு வரைபடத்தைத் திரையில் போட்டு, "இதில் தலைவர் வீட்டைக் கண்டுபிடி, பத்து நிமிஷம்" என்று விட்டுவிடுவேன். பெரிதாக்கிப் பார்ப்பார்கள், அளப்பார்கள், இரண்டு மூன்று வீட்டைக் காட்டிச் சண்டை போடுவார்கள். "இதுதான்" என்பவரிடம் "எப்படித் தெரியும்?" என்று மட்டும் கேட்பேன். பெரும்பாலான குழுக்கள் கடைசியில் எரிச்சலோடு கையை விரிக்கும். நான் காத்திருப்பது அந்த எரிச்சலுக்குத்தான்.

எங்க ஸ்கூல்ல நெட் ரொம்ப ஸ்லோ. என்னென்ன கருவி வேணும்?

குறைந்தபட்சம் ஒரு கணினி, ஒரு புரொஜெக்டர். வரைபடம், படங்களை முன்கூட்டியே தரவிறக்கி வைத்துக்கொள்ளுங்கள். கணக்குத்தாள் எந்தக் கணினியிலும் இருக்கும். கிளைக்கதை (படிப்பவர் தேர்வுக்கேற்ப வெவ்வேறு வழியில் பிரியும் கதை) செய்ய ட்வைன் என்ற இலவசச் செயலி இருக்கிறது. இணையம் இல்லாமலும் ஓடும், தமிழ் எழுத்தை ஏற்றுக்கொள்ளும். பிள்ளைகள் நிரல் எழுதும் ஸ்கிராட்சும் அப்படித்தான். ஹைடெக் லேப் உள்ள பள்ளிகளுக்கு இது தாராளம். விஆர் கண்ணாடி வாங்கித் தரச் சொல்லி யாரிடமும் மல்லுக்கட்ட வேண்டாம். ஒருமுறை இரவல் வாங்கிப் பயன்படுத்தினேன். நாற்பது பேரும் கண்ணாடியைப் பற்றித்தான் பேசினார்கள், ஊரைப் பற்றி ஒருவரும் பேசவில்லை.

மைன்கிராஃப்ட்ல அந்த ஊரைக் கட்டச் சொன்னா பசங்க முதல்ல அரண்மனையும் மதிலும்தான் கட்டுறாங்க. தடுக்கணுமா?

தடுக்கவே தடுக்காதீர்கள். நானும் முதல் வருஷம் "அப்படிக் கட்டக் கூடாது" என்று சொல்லிக் கெடுத்துக்கொண்டேன். பிள்ளைகள் சொன்னபடி கட்டினார்கள், ஒன்றும் கற்கவில்லை. இப்போது இஷ்டத்துக்குக் கட்ட விடுகிறேன். முடிந்ததும் ஒவ்வொரு கட்டடத்துக்கும் தடயம் கேட்பேன். அரண்மனைக்கு ஏது தடயம்? மதிலுக்கு? நடுத்தெருவுக்கு? தடயம் இல்லாததை இடிக்க வேண்டும். இடித்து முடிக்கும்போது திரையில் நிற்பது அடுத்தடுத்து ஒட்டிய சதுர வீடுகள் மட்டும்தான்.

இதில் ஒரு பையன் கேட்டது இன்னும் நினைவிருக்கிறது: "நாங்க ஏன் டீச்சர் யாரும் சொல்லாமலேயே ராஜா வீடு கட்டினோம்?" அன்றைக்கு மீதி வகுப்பு முழுதும் அந்தக் கேள்வியிலேயே போனது. ராஜா கதை, சினிமா, விளையாட்டு என்று பட்டியல் நீண்டது. ராஜா இல்லாத ஊரை அவர்கள் எங்குமே பார்த்ததில்லை.

அளவு பற்றி ஒரு குறிப்பு. மைன்கிராஃப்ட்டின் ஒரு கட்டை ஒரு மீட்டர். அந்த அளவில் சுவர் அநியாயத்துக்குத் தடித்துப்போகும். முக்கால்வாசிப் பிள்ளைகள் இதைத் தாங்களே கண்டுபிடித்து, ஒரு கட்டையை அரை மீட்டர் என்று வைத்துக்கொள்கிறார்கள்.

கேம்னா ஸ்கோர், லெவல், வின்னர் எல்லாம் வேணுமே. சமத்துவத்தை எப்படி கேமாக்குறது?

சரியான இடத்தில் கை வைத்திருக்கிறீர்கள். கடையில் கிடைக்கும் வரலாற்று விளையாட்டுகள் பெரும்பாலும் தலைவன் இல்லாமல் தொடங்காது. சிவிலைசேஷன் விளையாட்டில் பொ.ஆ.மு. 4000இலேயே நீங்கள் ஒரு தலைவராகத்தான் பிறக்கிறீர்கள். சாத்தல்ஹோயுக்கின் பெரிய மேட்டில் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்துவிட்டுப் போய் அப்போதே ஏறக்குறைய இரண்டாயிரம் ஆண்டு ஆகியிருந்தது! அதனால் சொந்தமாக ஒன்று செய்துகொண்டோம். இது தடயம் கிடையாது, ஒரு மாதிரிதான் என்று முதலிலேயே சொல்லிவிடுவேன்.

ஆறு வீடு, வீட்டுக்கு ஒரு பிள்ளை, கையிருப்பு ஒரு மூட்டை. ஒவ்வொரு ஆண்டும் பகடையில் விழுவது விளைச்சல், வீட்டுக்குத் தேவை மூன்று மூட்டை. முதல் ஆட்டத்தில் அவரவர் பாடு அவரவருக்கு. பத்து ஆண்டுக்குள் பெரும்பாலும் இரண்டு மூன்று வீடு காலி, ஒரு வீட்டில் மட்டும் மூட்டை குவியும். இரண்டாம் ஆட்டத்தில் ஒரு விதி சேரும்: கேட்டால் கொடுக்க வேண்டும், மறுத்தால் அடுத்த பஞ்சத்தில் உனக்கு யாரும் தர மாட்டார்கள். இப்போது பல தடவை ஆறு வீடும் தாக்குப்பிடிக்கும். கணக்குத்தாளில் பகடைக்குப் பதில் தற்செயல் எண் சூத்திரத்தைப் போட்டால் நூறு ஆண்டைக் கண நேரத்தில் ஓட்டலாம். வென்றவர் யார் என்று கேட்டால், எத்தனை வீடு மிஞ்சியது என்பதுதான் ஸ்கோர்.

மூன்றாம் ஆட்டத்தில் கேலிச் சீட்டு. இது 1960களில் ஆப்பிரிக்காவின் கலகாரிப் பாலைவனத்து ஜுஹோவான்சி மக்களோடு இருந்த ரிச்சர்ட் லீ என்ற மானிடவியலாளருக்கு நடந்ததிலிருந்து எடுத்தது. கிறிஸ்துமஸ் விருந்துக்கு அவர் கொழுத்த மாடு ஒன்றை வாங்கிவைக்க, அவர்கள் எல்லாரும் "எலும்பும் தோலுமா ஒண்ணைக் கொண்டு வந்திருக்கியே" என்று நாள்கணக்கில் கேலி பண்ணினார்கள். பெரிய வேட்டையோடு வருகிறவனுக்குத் தலைக்கனம் ஏறாமல் இருக்கச் செய்யும் வேலை அது என்று பிறகுதான் அவருக்குத் தெரிந்தது. எங்கள் ஆட்டத்தில் பெருமை பேசுகிறவர் மேல் மற்றவர்கள் சீட்டைப் போடலாம். பிள்ளைகளுக்கு இந்தச் சீட்டு என்றால் கொண்டாட்டம். ஒன்றை மட்டும் மறக்காமல் சொல்லுங்கள்: ஜுஹோவான்சி நம் காலத்து மக்கள், கற்காலத்தின் மிச்சம் கிடையாது.

கணக்கு டீச்சரையும் இதுல சேர்த்துக்க முடியுமா?

தாராளமாக. ஏற்றத்தாழ்வை அளக்க ஜினி எண் இருக்கிறது. எல்லாரும் சமம் என்றால் 0, ஒருவரிடமே எல்லாம் என்றால் 1ஐ நெருங்கும். தொல்லியலாளர்கள் வருமானத்துக்குப் பதிலாக வீட்டின் பரப்பை வைத்துக் கணக்கிடுகிறார்கள். ஐந்து வீடும் 20 சதுர மீட்டர் என்றால் ஜினி 0. நான்கு வீடு 10, ஒரு வீடு 60 என்றால் ஒவ்வொரு ஜோடிக்கும் உள்ள வித்தியாசங்களைக் கூட்டுங்கள்: 50 வீதம் நான்கு ஜோடி, 200. இதை வீடுகளின் எண்ணிக்கையால் பெருக்கிய மொத்தப் பரப்பால், அதாவது 5 × 100 = 500ஆல் வகுத்தால் 0.4.

முதலில் மைன்கிராஃப்ட்டில் கட்டிய அரண்மனை ஊருக்கு ஜினி போடச் சொல்லுங்கள், பிறகு இடித்த பின் மிஞ்சிய ஊருக்கு. வீடு பெரிதாக இருந்தால் பணக்காரர் என்றே ஆகாது, ஆள் அதிகமாக இருந்திருக்கலாம் என்று யாராவது ஒரு பிள்ளை சொல்லும். சொல்லாவிட்டால் நீங்கள் சொல்லிவிடுங்கள்.

தோண்டினது கொஞ்சம்தானே? அரண்மனை தோண்டாத இடத்துல இருந்தா?

இதைக் கேட்ட மாணவிக்கு அன்றைக்கு மிட்டாய் வாங்கிக் கொடுத்தேன். உண்மைதான், மேட்டில் தோண்டியது ஏறத்தாழ இருபதில் ஒரு பங்கு. ஆனால் 1990களில் மேல் மண்ணைச் சுரண்டியும், மண்ணுக்கடியில் இருப்பதைக் காந்த அளவீட்டால் வரைந்தும் மேட்டின் மற்ற பகுதிகளைப் பார்த்திருக்கிறார்கள். அங்கும் இதே போன்ற சிறிய வீடுகளின் நெரிசல்தான் தெரிகிறது. அடி அடுக்குகளைப் பற்றி அவ்வளவு உறுதியாகச் சொல்ல முடியாது.

மக்கள்தொகையும் இப்படித்தான். ஒரே நேரத்தில் 3,500 முதல் 8,000 பேர் என்றுதான் நீண்ட காலம் சொல்லிவந்தார்கள். எந்த வீடு எந்தத் தலைமுறையில் குடியிருப்பாக இருந்தது என்று கழித்துப் பார்த்த அண்மைக் கணிப்பு ஒன்று 600 முதல் 800 என்கிறது. எட்டாயிரம் பேர் தலைவனில்லாமல் வாழ்ந்தது ஒரு செய்தி, எழுநூறு பேர் வாழ்ந்தது வேறு செய்தி. இரண்டு எண்ணையும் பலகையில் எழுதிவையுங்கள்.

சமமா இருந்தாங்கன்னா சண்டையே இல்லையா?

இருந்தது. 2019இல் வெளிவந்த ஆய்வில் 93 மண்டையோடுகளைப் பார்த்ததில் 25இல் அடிபட்டு ஆறிய முறிவுகள். அதில் 12 பேர் ஒரு தடவைக்கு மேல் அடிவாங்கியவர்கள். அடிபட்டவர்களில் 13 பேர் பெண்கள், 10 பேர் ஆண்கள். உருண்டையான, கெட்டியான ஏதோ ஒன்றால் தலையில் அடித்திருக்கிறார்கள்; அங்கே நிறையக் கிடைக்கும் களிமண் உருண்டைகள் அந்தக் காயத்துக்குப் பொருந்துகின்றன. ஊர் நெரிசலாக இருந்த நடுக் காலத்தில் இந்தக் காயங்கள் அதிகம்.

இந்தத் தகவலை மறைத்துவிட்டுப் பாடம் நடத்தினால் பிள்ளைகளுக்குச் சமத்துவம் ஏதோ சொர்க்கம் மாதிரி தெரியும். வீட்டில் கேட்டால் சிரிப்பார்கள். ட்வைன் கதை எழுதும்போது ஒரு கிளையாவது கோபத்தில் முடிய வேண்டும் என்று நான் கட்டாயம் வைத்திருக்கிறேன்.

அங்க தாய்த்தெய்வம் கிடைச்சுதாமே. அப்போ பெண்கள் ஆட்சிதானே?

இரண்டு பக்கமும் சிறுத்தை போன்ற விலங்கு நிற்க, நடுவில் பருத்த பெண் உட்கார்ந்திருக்கும் சுடுமண் சிலை, இப்போது அங்காரா அருங்காட்சியகத்தில் இருக்கிறது. 1961இல் மெல்லார்ட் ஒரு தானியத்தொட்டியில் கண்டெடுத்தார். அதைத் தாய்த்தெய்வம் என்று சொன்னவரும் அவரே. முப்பரிமாணப் படத்தில் சுற்றிக் காட்டும்போது, தலை பின்னாளில் செய்து ஒட்டியது என்றும் சொல்லிவிடுங்கள். அந்த ஊரில் கிடைத்த உருவங்களில் பெரும்பாலானவை விலங்குகள். குப்பையோடு குப்பையாகக் கிடந்தவையும் நிறைய. ஒரு சிலையை வைத்து ஆட்சியை முடிவு செய்ய முடியாது.

ஆனால் 2025இல் சயின்ஸ் இதழில் வந்த மரபணு ஆய்வு சுவாரசியமானது. 35 வீடுகளில் புதைக்கப்பட்ட 131 பேரைப் பார்த்ததில், வீட்டோடு உள்ள தொடர்பு பெரும்பாலும் தாய்வழியாகப் போகிறது. ஆண்கள் வேறு வீட்டுக்குப் போயிருக்கலாம். பெண் குழந்தைகளின் குழிகளில் ஆண் குழந்தைகளுடையதைப் போல ஐந்து மடங்கு பொருட்கள். இதைத் தாய்வழி என்று சொல்லலாம். பெண்களின் ஆட்சி என்று தாவிவிடக் கூடாது. மட்டக்களப்புப் பக்கத்தில் குடி என்ற குல உறவு தாய்வழிதான், வீடு மகளுக்குத்தான். ஆனாலும் கோயில் நிர்வாகத்தில் உட்கார்ந்திருப்பவர்கள் ஆண்கள்தானே.

இது நாம சொல்ற ஆதிப் பொதுவுடைமைதானே?

மார்கன் என்ற மானிடவியலாளரின் ஆய்வை வைத்து, மார்க்ஸின் தோழர் எங்கெல்ஸ் 1884இல் எழுதியதிலிருந்து வந்த சொல் அது. மேடைப் பேச்சில் கேட்டு வளர்ந்தவர்களுக்கு இது உடனே நாவில் வரும். ஆனால் வீட்டுக்கு வீடு தனித் தானியத்தொட்டி இருந்தது என்று மேலே பார்த்தோம். எல்லாம் பொதுவில் கிடக்கவில்லை. தனிச் சேமிப்பு உண்டு, ஒரு வீட்டில் குவிந்ததற்குத்தான் தடயம் குறைவு. நான் அந்தச் சொல்லை வகுப்பில் தவிர்க்கிறேன். பிள்ளைகள் சொன்னால், தொட்டியின் படத்தைத் திறந்து காட்டுவேன்.

வேட்டையாடினவரைக்கும் சமம், விவசாயம் வந்துதான் கெடுத்துச்சுன்னு நான் சொல்லித் தந்துட்டேன். தப்பா?

பாதி தப்பு. சாத்தல்ஹோயுக் மக்கள் கோதுமையும் பயறும் பயிரிட்டார்கள், ஆடு வளர்த்தார்கள். நூற்றாண்டுகளுக்கு ஓரளவு சமமாகவும் இருந்தார்கள். மறுபக்கம், ரஷ்யாவின் சுங்கீரில் சுமார் 34,000 ஆண்டுக்கு முன் இரண்டு சிறுவர்களைப் பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட மாமூத் யானைத்தந்த மணிகளோடு புதைத்திருக்கிறார்கள். அவர்கள் வேட்டைச் சமூகம். அந்தச் சின்னப் பிள்ளைகள் உழைத்துச் சேர்த்த மரியாதையாக அது இருக்க வாய்ப்பில்லை. காலக்கோட்டுச் செயலியில் இந்த இரண்டையும் அடுத்தடுத்து வையுங்கள், "முதலில் சமம், பிறகு கெட்டது" என்ற நேர்கோடு உடைந்துவிடும்.

சாத்தல்ஹோயுக்கிலேயே பொ.ஆ.மு. 6500க்குப் பிறகு வீடுகள் விலகித் தனித்தனியாகின்றன, வேறுபாடும் கூடுகிறது. ஒரே ஊரில் இரண்டு காலம்.

ஏஐ சாட்பாட்டை அந்த ஊர்ப் பெண்ணாப் பேச வைக்கலாமா?

வைத்துப் பார்த்தேன். மூன்றாவது பதிலிலேயே "எங்கள் தலைவர் சொன்னார்" என்றது. தனக்கு ஒரு பெயரும் சூட்டிக்கொண்டது. அவர்கள் பேசிய மொழியே நமக்குத் தெரியாது. அதையே பயிற்சியாக மாற்றிவிட்டேன்: பதிலை அச்சிட்டுக் கொடுத்து, தடயம் இல்லாத வரியை எல்லாம் சிவப்பில் கோடிடச் சொன்னேன். நல்ல வேட்டை.

சாட்பாட்டைச் சரியாகப் பயன்படுத்தியவர்கள் ஐரோப்பிய ஒன்றியத்தின் எமோட்டிவ் என்ற திட்டத்தார் (2016–2019). சாத்தல்ஹோயுக்குக்காக அவர்கள் செய்த பாட், பழங்கால ஆளாக நடிப்பதைவிடப் பார்ப்பவரைச் சீண்டிக் கேள்வி கேட்பதில் குறியாக இருந்தது. அந்த யோசனையை நாமும் எடுத்துக்கொள்ளலாம். "நீ இறந்தால் உன் வீட்டுத் தரையடியில் புதைக்கச் சம்மதமா?" என்று கேட்டால் பிள்ளை தானே பேசத் தொடங்கிவிடும்.

3டி-ல காட்டுறது எவ்வளவு நிஜம்?

சுவர், அடுப்பு, மேடை நிஜம். கூரை பெரும்பாலும் ஊகம். ஆட்களின் உடை, நிறம், முகபாவம் முழு ஊகம். அதனால் எங்கள் மாதிரிகளில் தோண்டியெடுத்ததற்கு மண் நிறம், ஊகத்துக்கு நீலம். நீலக் கூரை அசிங்கமாகத்தான் இருக்கும், இருந்துவிட்டுப் போகட்டும். அழகான படத்தை ஆராயாமல் நம்புவதன் விலையையும் இதே ஊர் சொல்லும்: மெல்லார்ட் வெளியிட்ட சுவரோவியங்கள் சிலவற்றை அவரே வரைந்துகொண்டார் என்பதற்கான ஓவியத் துண்டுகள், அவர் இறந்த பிறகு அவர் வீட்டிலிருந்து கிடைத்ததாக 2018இல் செய்தி வந்தது.

இன்னொன்று. அமெரிக்காவின் பெர்க்லி பல்கலைக்கழகத் தொல்லியலாளர் ரூத் டிரிங்ஹாமின் குழு செகண்ட் லைஃப் மெய்நிகர் உலகில் இந்த ஊரையே ஒரு தீவாகக் கட்டியது. மாணவர்கள் அவதாரமாக உள்ளே நடந்தார்கள். இன்று அந்தத் தீவு இல்லை. கருவி போய்விடும் என்று நினைத்தே வேலை செய்யுங்கள். அளவுகளையும் குறிப்புகளையும் சாதாரணக் கோப்பில் வைத்துக்கொள்ளுங்கள்.

பசங்க இதை நம்ம ஊர்ச் சாதியோட ஒப்பிட்டுப் பேச ஆரம்பிச்சுட்டாங்க. என்ன செய்ய?

இறந்தவர்களை வீட்டுக்குள்ளேயே புதைத்தார்கள் என்றதும், "எங்க ஊர்ல சுடுகாடே ரெண்டு" என்று ஒரு குரல் வரும். எனக்கும் வந்தது. பேச்சை மாற்றாதீர்கள், சொற்பொழிவும் ஆற்றாதீர்கள். நான் செய்தது, அந்த வகுப்பில் கற்ற முறையையே கொடுத்ததுதான்: "ஆயிரம் வருஷம் கழிச்சு நம்ம ஊரைத் தோண்டுறவங்களுக்கு என்ன தடயம் கிடைக்கும்? வரைபடத்துல குறி." கிணறு, கோயில், தெரு, சுடுகாடு என்று குறித்தார்கள். யார் வீடு எது என்று பெயர் எழுத வேண்டாம் என்று மட்டும் சொல்லிவிட்டேன். அது முக்கியம், யாரையும் வகுப்பில் கூச வைத்துவிடக் கூடாது.

இதுக்கு மார்க் எப்படிப் போடுறது?

மூன்று பத்தி கொண்ட அட்டவணை: சொன்னது, தடயம், எவ்வளவு உறுதி. மூன்றாவது பத்திக்குத்தான் பாதி மார்க். "தலைவர் இல்லை, நிச்சயம்" என்று எழுதியவருக்கு ஐந்துக்கு மூன்று. "அரண்மனை கிடைக்கவில்லை, அடி அடுக்குகளை அதிகம் தோண்டவில்லை, அநேகமாக இல்லை" என்றவருக்கு ஐந்து. மைன்கிராஃப்ட்டின் அழகுக்கு மார்க் கிடையாது. முதல் வருஷம் போட்டேன். வீட்டில் நல்ல கணினி வைத்திருந்த பிள்ளைகளே எல்லா மார்க்கையும் அள்ளிக்கொண்டு போனார்கள்.

எனக்கு ஒரே ஒரு பீரியட்தான் இருக்கு. எதைச் செய்யட்டும்?

தலைவர் வீட்டைத் தேடும் பத்து நிமிஷம். மீதி நேரத்துக்கு "எப்படித் தெரியும்?" மட்டும். வரைபடத்தை முதல் நாளே பெரிதாக அச்சிட்டு வைத்துக்கொள்ளுங்கள், புரொஜெக்டர் அன்றைக்குப் பார்த்துத்தான் மக்கர் பண்ணும்.